சிங்கிள் எண்டட் சென்சாரை டிஃபரென்ஷியல் இன்புட்டில் இணைப்பது: மைனஸ் வயர் எங்கே போக வேண்டும்?

சென்சாரில் இருந்து ஒரு சிக்னல் வயரும் ஒரு கிரவுண்டும் வருகின்றன. இதுதான் சிங்கிள் எண்டட். ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சிப்) போர்டிலோ சேனலுக்கு ப்ளஸ், மைனஸ் என இரண்டு இன்புட் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளப்பதுதான் டிஃபரென்ஷியல். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சிக்னலை ப்ளஸ்ஸில் முடுக்கிவிட்டு, மைனஸ்ஸுக்கும் போர்டு கிரவுண்டுக்கும் நடுவே ஒரு துண்டு வயரை ஜம்பராகப் போட்டுவிடுகிறார்கள். மேஜையில் வைத்துப் பார்த்தால் ரீடிங் சரியாகவே வரும். அதே சென்சாரை 15 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் சிக்கல் தெரியும்.

மைனஸ் என்பது வீணாகக் கிடக்கும் கால் இல்லை. அதுவும் அளக்கிற கால்தான். அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பதில்தான் இந்த வேலை முழுக்க இருக்கிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். சில படிகளின் இடம் மாறினால் ஏடிசி எரிந்துபோகும்.

எடுத்துக்காட்டாக இரண்டு சென்சார்களை வைத்துக்கொள்கிறேன். ஒன்று, ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும் எல்எம்35 வெப்பநிலை சென்சார். இன்னொன்று, 5 வோல்ட்டில் ஓடி 0.5 முதல் 4.5 வோல்ட் வரை தரும் மூன்று வயர் பிரஷர் சென்சார். ஏடிசிக்கு ஏடிஎஸ்1115. கணினியில் செருகி அளக்கும் வேறு கார்டுகளில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சில, ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, ஷீல்டு உள்ள முறுக்கு ஜோடி கேபிள். இவற்றோடு இரண்டு டேட்டாஷீட்டுகள்: ஒன்று சென்சாருடையது, மற்றது ஏடிசியுடையது.

டேட்டாஷீட்டில் எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. சென்சாரில் அவுட்புட்டின் குறைந்த, அதிக வோல்டேஜ், சப்ளை கரண்ட், அவுட்புட் இம்பிடன்ஸ் (அவுட்புட்டின் உள் தடை) ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏடிசியில் எந்தக் காலுக்கு எந்தக் கால் ஜோடி, ஒவ்வொரு காலும் கிரவுண்டிலிருந்து எவ்வளவு வோல்ட் வரை தாங்கும் என்ற இரண்டும் போதும்.

சேனல் எண்ணிக்கை பாதியாகும் என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். ஏடிஎஸ்1115இல் நான்கு இன்புட் இருந்தாலும் டிஃபரென்ஷியலாக இரண்டு ஜோடிதான்: 0உடன் 1, 2உடன் 3. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் யுஎஸ்பி-6009 கார்டில் 0க்கு ஜோடி 4. யுஎஸ்பி-6211இல் 0க்கு ஜோடி 8. பக்கத்துப் பக்கத்து டெர்மினல்தான் ஜோடி என்று ஊகித்து வயரை முடுக்குவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

2. சென்சாரின் மைனஸ் ஏற்கெனவே எங்கே கட்டப்பட்டிருக்கிறது?

வயரைத் தொடுவதற்கு முன்பே இதற்கு விடை வேண்டும். அடுத்து வரும் எல்லாப் படிகளும் இதை வைத்துத்தான்.

மூன்று நிலைகளில் ஒன்றாக இருக்கும். சென்சார் உங்கள் போர்டின் சப்ளையிலேயே ஓடலாம். எல்எம்35, மூன்று வயர் பிரஷர் சென்சார் இரண்டும் இந்த வகை. சென்சார் எதோடும் சேராமல் மிதக்கலாம். பேட்டரியில் ஓடுவது, உறையில் தொடாத தெர்மோகப்பிள், ஐசொலேஷன் உள்ள (உள்ளேயே மின்தொடர்பு பிரிக்கப்பட்ட) டிரான்ஸ்மிட்டர் எல்லாம் இப்படி. அல்லது சென்சாருக்குத் தனி சப்ளை இருந்து, அதன் மைனஸ் வேறொரு பேனலில் எர்த் செய்யப்பட்டிருக்கலாம்.

எது என்று தெரியாவிட்டால் அளந்து பாருங்கள். எல்லா சப்ளையையும் அணைத்துவிட்டு, சென்சாரின் மைனஸுக்கும் போர்டு கிரவுண்டுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். சில ஓம்தான் என்றால் இரண்டும் எங்கோ சேர்ந்திருக்கின்றன. மெகா ஓம் கணக்கில் காட்டினால் மிதக்கிறது. பிறகு இரண்டு பக்கமும் சப்ளை கொடுத்து, அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே டிசி வோல்ட்டும் ஏசி வோல்ட்டும் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எர்த் பின் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் சென்சார் ஓடினால், ஏசி ரேஞ்சில் மீட்டர் 100 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டலாம். அடாப்டருக்குள் மெயின்ஸ் பக்கத்தையும் டிசி பக்கத்தையும் இணைக்கும் சின்ன கெப்பாசிட்டர் வழியாகக் கசிவது அது. கரண்ட் மிகக் குறைவு. கிரவுண்டைச் சேர்த்ததும் அந்த வோல்டேஜ் இறங்கிவிடும். ஆனால் கிரவுண்டைச் சேர்க்கும் முன் சிக்னல் வயரை ஏடிசியில் தொட்டால், இறங்குகிற வழி உங்கள் ஐசியின் இன்புட் கால்தான். படி 7இல் இணைக்கும் வரிசையை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

3. ஒவ்வொரு காலையும் தனித்தனியாகக் கணக்குப் பாருங்கள்

டிஃபரென்ஷியல் என்றால் வித்தியாசம் மட்டும்தான் முக்கியம், இரண்டு கால்களும் எந்த உயரத்தில் இருந்தாலும் பரவாயில்லை என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. ஏடிஎஸ்1115இல் எந்த இன்புட் காலும் கிரவுண்டுக்குக் கீழே 0.3 வோல்ட்டையோ, சப்ளைக்கு மேலே 0.3 வோல்ட்டையோ தாண்டக் கூடாது. ±6.144 வோல்ட் ரேஞ்ச் என்று மெனுவில் இருப்பது அளவுகோலின் நீளம்தான். 6 வோல்ட் கொடுக்கலாம் என்ற அனுமதி இல்லை. கணினியோடு சேர்த்து அளக்கும் ±10 வோல்ட் டிஏக்யூ கார்டுகளில் இடம் அதிகம், ஆனால் அங்கேயும் எல்லை உண்டு.

பிரஷர் சென்சார் 4.5 வோல்ட் வரை போகும். ஏடிஎஸ்1115 ஐந்து வோல்ட்டில் ஓடினால் பிரச்சினை இல்லை. ராஸ்பெர்ரி பையோடு சேர்க்கும்போது இரண்டும் பேசிக்கொள்ளும் ஐ2சி வயர்களுக்காக அதை 3.3 வோல்ட்டில் ஓட்டுவோம். அப்போது இரண்டு ரெசிஸ்டர்களால் வோல்டேஜைக் குறைக்கும் டிவைடர் வேண்டும். மேலே 10 கிலோ ஓம், கீழே 20 கிலோ ஓம் போட்டால் 4.5 வோல்ட் 3 வோல்ட்டாகும்.

அந்த 20 கிலோ ஓமின் கீழ்க்காலை எங்கே கட்டுவது? கை தானாகப் போர்டு கிரவுண்டுக்குத்தான் போகும். அங்கே கட்டாதீர்கள். சென்சாரிலிருந்து வரும் மைனஸ் வயரில் கட்டுங்கள். போர்டு கிரவுண்டில் கட்டினால், கிரவுண்டு வயரில் ஏற்படும் பிழை ப்ளஸ் பக்கம் மூன்றில் இரண்டாகச் சுருங்கி வரும், மைனஸ் பக்கம் முழுதாக வரும். இரண்டையும் கழித்தால் மிச்சம் நிற்கும். டிஃபரென்ஷியலாக அளப்பதன் பயனே போய்விடும்.

4. கேபிள்: எந்த வயரோடு எதை முறுக்குவது

மூன்று கால் சென்சாருக்கு நான்கு கோர் கேபிள் எடுங்கள். சப்ளை ப்ளஸ்ஸும் சப்ளை மைனஸும் ஒரு முறுக்கு ஜோடி. சிக்னலும் அதன் மைனஸும் இன்னொரு முறுக்கு ஜோடி. மூன்று கோர் போதுமே என்று தோன்றும். நான்காவதுதான் இந்த வேலையின் உயிர். ஏன் என்பது அடுத்த படியில்.

சிக்னலையும் மைனஸையும் சேர்த்து முறுக்குவதற்குக் காரணம், பக்கத்தில் ஓடும் மோட்டார் வயரின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏற வேண்டும் என்பதுதான். ஒரே அளவில் ஏறினால் கழித்தலில் போய்விடும். சிக்னலை சப்ளை வயரோடு முறுக்கிவிட்டு மைனஸைத் தனியே ஓடவிட்டால் இது நடக்காது.

ஷீல்டை ஏடிசி பக்கம் மட்டும் கிரவுண்டில் கட்டி, சென்சார் பக்கம் வெட்டி டேப் சுற்றி விடுங்கள். இரண்டு பக்கமும் கட்டினால் ஷீல்டு வழியாகவே கரண்ட் ஓடத் தொடங்கும். ஷீல்டையே மைனஸ் வயராகப் பயன்படுத்துவதும் வேண்டாம்.

எல்எம்35 நீளமான கேபிளை நேராக ஓட்டாது. 50 பிகோஃபாரடுக்கு மேல் கெப்பாசிட்டன்ஸ் வந்தால் அதன் அவுட்புட் ஊசலாடக்கூடும். சில மீட்டர் கேபிளிலேயே அந்த அளவு தாண்டிவிடும். சென்சாரின் காலை ஒட்டியே 2 கிலோ ஓம் ஒன்றைத் தொடரில் போடுங்கள். பெட்டிக்குள் இடமிருந்தால் மைனஸ் வயரிலும் ஒரு 2 கிலோ ஓம் போடலாம். இரண்டு வயர்களிலும் ஒரே இம்பிடன்ஸ் இருந்தால் இரைச்சலும் ஒரே அளவில் ஏறும்.

5. மைனஸ் வயரை சென்சாரின் காலில் கட்டுங்கள்

எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர், முட்டை பொரிக்கும் அறை ஒன்றுக்கு எல்எம்35 வைத்துக் கட்டுப்பாடு அமைத்தார். அங்கே 37.5 டிகிரி இருக்க வேண்டும். 15 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் கேபிள். அதே கேபிளில் சென்சாருக்கும், எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டும் 5 வோல்ட் ரிலேவுக்கும் ஒரே கிரவுண்டு வயர். போர்டில் மைனஸ் இன்புட்டுக்குக் கிரவுண்டு ஜம்பர். ஃபேன் ஓடத் தொடங்கினால் நிற்கவே இல்லை. அறையோ குளிர்ந்துகொண்டே போனது.

கணக்கு எளிது. அந்தச் செம்பு வயர் 15 மீட்டருக்குச் சுமார் 0.5 ஓம். ரிலே காயில் எடுப்பது 70 மில்லிஆம்ப். இரண்டையும் பெருக்கினால் 35 மில்லிவோல்ட். அதாவது ரிலே ஆன் ஆனதும் சென்சார் நிற்கும் தரையே போர்டின் தரையைவிட 35 மில்லிவோல்ட் உயர்கிறது. எல்எம்35 கணக்கில் அது 3.5 டிகிரி. அறை 37 டிகிரியில் இருக்க, திரையில் 40.5. ஃபேன் ஆஃப் ஆகவேண்டிய அளவுக்குத் திரையில் இறங்கும்போது அறை 34க்கும் கீழே போய்விட்டிருக்கும். முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு அது தாங்காது.

ஜம்பரைக் கழற்றிவிட்டு, நான்காவது கோரை எல்எம்35இன் கிரவுண்டு காலிலேயே சால்டர் செய்து, மறுமுனையை மைனஸ் இன்புட்டில் கொடுத்தோம். இப்போது ரிலே ஆன் ஆனாலும் ப்ளஸ்ஸும் மைனஸும் சேர்ந்தே 35 மில்லிவோல்ட் உயர்கின்றன. வித்தியாசம் அப்படியே நிற்கிறது. மைனஸ் வயரில் ஓடுவது ஏடிசி எடுக்கும் மிகச் சிறிய கரண்ட் மட்டும் என்பதால் அதில் வோல்டேஜ் இழப்பு இல்லை.

சென்சார் பெட்டியின் கனெக்டரில் கட்டினால் போதாதா என்று கேட்பார்கள். கனெக்டரிலிருந்து சென்சார் கால் வரை சப்ளை கரண்ட் ஓடும் வயர் இருந்தால், அந்தத் துண்டின் இழப்பும் உள்ளே வரும். முடிந்தவரை காலை ஒட்டியே சேருங்கள்.

சரி, ரிலேவுக்குத் தனி ஜோடி போட்டால் பிரச்சினையே வராதே? போடுங்கள், அது எப்போதும் நல்லது. ஆனாலும் பிரஷர் சென்சார் தானே 10 மில்லிஆம்ப்போல எடுத்தால் 0.5 ஓமில் 5 மில்லிவோல்ட் இழப்பு இருக்கும். நான்காவது வயர் அதையும் சேர்த்துக் கழிக்கிறது.

6. கரண்டுக்கு ஒரு வழி விடுங்கள்

எந்த இன்புட் காலும் கொஞ்சமாவது கரண்ட் எடுக்கும். நானோ ஆம்ப் அளவாக இருந்தாலும் அது கிரவுண்டுக்குத் திரும்பி வர வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் இரண்டு கால்களும் சேர்ந்து மெல்ல மிதந்து போய், கடைசியில் எல்லையில் முட்டி நிற்கும். ‘முதல் நிமிடம் சரியாக இருந்தது, அப்புறம் முழு அளவுக்கு ஏறிவிட்டது’ என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

சென்சார் உங்கள் போர்டு சப்ளையில் ஓடினால், சப்ளை மைனஸ் வயரே வழி. வேறெதுவும் வேண்டாம்.

மிதக்கும் சென்சார் என்றால் மைனஸ் இன்புட்டிலிருந்து போர்டு கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். 10 முதல் 100 கிலோ ஓம் வரை எதுவும் சரி. சென்சாரின் இம்பிடன்ஸ் சில ஓம்தான், கேபிளும் குட்டை என்றால் நேராகவே கிரவுண்டில் கட்டிவிடலாம். மைனஸைப் போர்டில் கிரவுண்டோடு சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் இது. இம்பிடன்ஸ் அதிகமான சென்சாருக்கு ப்ளஸ், மைனஸ் இரண்டிலிருந்தும் ஒரே மதிப்பு ரெசிஸ்டர்கள் போட்டால் சமநிலை கிடைக்கும். ஆனால் அவை சென்சாருக்குச் சுமையாகும். இரண்டு 100 கிலோ ஓம் சேர்ந்து 200 கிலோ ஓம்; சென்சார் இம்பிடன்ஸ் 2 கிலோ ஓம் என்றால் ஒரு சதவீதம் குறைவாகக் காட்டும்.

வேறிடத்தில் எர்த் செய்யப்பட்ட சென்சாரில், மைனஸுக்கும் போர்டு கிரவுண்டுக்கும் நடுவே எதையும் போடாதீர்கள். இரண்டு கட்டடத்து எர்த்தை உங்கள் மெல்லிய வயரால் இணைத்தது போலாகிவிடும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அதன் வழியாகச் சுற்றும். படி 2இல் அளந்த வோல்டேஜ் ஏடிசியின் எல்லைக்குள் நன்றாக அடங்கினால் மட்டும் நேராக இணையுங்கள். ஏடிஎஸ்1115க்குக் கீழ்ப்பக்கம் 0.3 வோல்ட்தான் இடம் என்பதால், இந்த வகைக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை. ±10 வோல்ட் கார்டோ, நடுவில் ஒரு சிக்னல் ஐசொலேட்டரோ வைப்பேன்.

இதில் மறந்துபோகும் ஒன்று: அளக்கும் பக்கமும் மிதக்கலாம். யுஎஸ்பி கார்டை லேப்டாப்பில் போட்டு, சார்ஜரைக் கழற்றியதும் ரீடிங் ஓடத் தொடங்கினால், அதுவரை வழியாக இருந்தது சார்ஜரின் எர்த் என்று பொருள். அங்கே மேலே சொன்ன ரெசிஸ்டரைப் போட்டுவிடுங்கள்.

7. இணைக்கும் வரிசை

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். சென்சாரும் போர்டும் ஒரே சப்ளை என்றால் முதலில் கிரவுண்டு வயர். மிதக்கும் சென்சார் என்றால் முதலில் ரெசிஸ்டர். அடுத்து மைனஸ் இன்புட். பிறகு ப்ளஸ் இன்புட். ஏடிசிக்கு முதலில் சப்ளை, கடைசியாக சென்சாருக்கு. ஏடிசி அணைந்திருக்கும்போது சென்சார் வோல்டேஜ் கொடுத்தால், இன்புட் காலின் பாதுகாப்பு டயோடு வழியாக ஐசிக்குள் கரண்ட் ஏறும். கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை.

பயன்படுத்தாத ஜோடியின் இரண்டு கால்களையும் போர்டு கிரவுண்டில் கட்டிவிடுங்கள். சும்மா விட்டால் அவை மிதந்து பக்கத்துச் சேனலையும் கலைக்கும்.

8. மென்பொருளில் மூன்று இடங்கள்

முதலாவது, சேனலை டிஃபரென்ஷியல் என்று அமைப்பில் சொல்ல வேண்டும். வயரை மாற்றிவிட்டு இதை மறந்தால், ஏடிசி ப்ளஸ் காலைக் கிரவுண்டோடு ஒப்பிட்டே அளந்துகொண்டிருக்கும். உங்கள் நான்காவது வயர் சும்மா கிடக்கும்.

இரண்டாவது, ரேஞ்ச். எல்எம்35க்கு ±1.024 வோல்ட் வைத்தால் ஒரு எண்ணிக்கை (ஏடிசி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய படி) 31.25 மைக்ரோவோல்ட், 100 டிகிரி வரை அடங்கும். பிரஷர் சென்சாரை 5 வோல்ட்டில் நேராக அளந்தால் ±6.144, டிவைடரோடு என்றால் ±4.096.

மூன்றாவது, மைனஸ் எண். டிஃபரென்ஷியல் ரீடிங் சுழியத்துக்குக் கீழேயும் போகும். குறியில்லாத 16 பிட் எண்ணாக வாசித்தால் −1 என்பது 65535 ஆகத் தெரியும். சுழியத்துக்குப் பக்கத்தில் ரீடிங் திடீரென உச்சத்துக்குத் தாவுகிறது என்றால் வயரைக் கழற்றாதீர்கள், நிரலைப் பாருங்கள்.

மிச்சமுள்ள 50 ஹெர்ட்ஸைக் குறைக்க, 20 மில்லிவினாடி அல்லது அதன் மடங்குகளுக்குச் சராசரி எடுங்கள். முழு அலையையும் கூட்டினால் அது தானே சுழியமாகும்.

9. சென்சாரை நம்பும் முன் வயரைச் சோதியுங்கள்

சென்சாரின் சிக்னல் காலில் இருந்து ப்ளஸ் வயரை எடுத்து, அங்கேயே, அதாவது சென்சார் முனையில், மைனஸ் வயரோடு சேர்த்துக் கட்டுங்கள். சென்சாரின் கிரவுண்டு இணைப்பு அப்படியே இருக்கட்டும். ரீடிங் சில எண்ணிக்கைக்குள் சுழியம் காட்ட வேண்டும். இப்போது ரிலே, மோட்டார், ஃபேன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஆன், ஆஃப் செய்யுங்கள். சுழியம் அசையக் கூடாது. அசைந்தால் மைனஸ் வயர் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை, அல்லது போர்டில் ஜம்பர் ஒன்று இன்னும் இருக்கிறது. சில ஏடிசி போர்டுகளில் அது சால்டர் பாலமாக அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும், திருப்பிப் பாருங்கள்.

பொரிப்பு அறையில் இந்த ஒரு சோதனையை ஐந்து நிமிடம் செய்திருந்தால் அத்தனை முட்டைகளும் தப்பியிருக்கும். அதனால் இதை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போட நான் யாரையும் விடுவதில்லை.

அடுத்து 1.5 வோல்ட் பேட்டரி. ரேஞ்சை ±2.048க்கு மாற்றி, பேட்டரியின் மைனஸை சென்சாரின் கிரவுண்டு காலிலும் ப்ளஸ்ஸை ப்ளஸ் வயரிலும் வையுங்கள். மல்டிமீட்டர் காட்டுவதும் ஏடிசி காட்டுவதும் ஒத்துப்போக வேண்டும். ஏடிஎஸ்1115இல் பேட்டரியைத் திருப்பி வைத்துப் பார்க்காதீர்கள். ப்ளஸ் கால் கிரவுண்டுக்குக் கீழே 1.5 வோல்ட் போய் ஐசி கெடும். ±10 வோல்ட் கார்டுகளில் திருப்பி வைத்து மைனஸ் எண் வருகிறதா என்று பார்க்கலாம்.

இரண்டும் சரியானால் சென்சாரைத் திரும்ப இணையுங்கள்.

10. 4–20 மில்லிஆம்ப் டிரான்ஸ்மிட்டர் என்றால்

இந்த வகை சென்சார் அளவை வோல்ட்டாக இல்லாமல் 4 முதல் 20 மில்லிஆம்ப் கரண்டாக அனுப்பும். 250 ஓம் ரெசிஸ்டர் போட்டு அதை 1 முதல் 5 வோல்ட்டாக மாற்றுவோம். ரெசிஸ்டரை ஏடிசி பக்கத்திலேயே வைத்து, அதன் இரண்டு கால்களிலிருந்தும் ப்ளஸ், மைனஸ் வயர்களை எடுங்கள். கரண்ட் கேபிள் முழுக்க ஒரே அளவு என்பதால் இங்கே வயர் நீளம் பிழை தராது.

ரெசிஸ்டரை லூப்பின் எந்தப் பக்கம் போடுகிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. டிரான்ஸ்மிட்டருக்கும் 24 வோல்ட் சப்ளையின் மைனஸுக்கும் நடுவே போடுங்கள். சப்ளையின் ப்ளஸ் பக்கம் போட்டாலும் வித்தியாசம் அதே 1 முதல் 5 வோல்ட்தான். ஆனால் இரண்டு கால்களும் 20 வோல்ட்டை ஒட்டிய உயரத்தில் நிற்கும். ±10 வோல்ட் கார்டு அதைச் சரியாக அளக்காது; ஏடிஎஸ்1115 அந்த நொடியே போய்விடும். 24 வோல்ட் சப்ளையின் மைனஸைப் போர்டு கிரவுண்டோடு ஒரே ஒரு இடத்தில் சேர்த்துவிட்டு, படி 9இன் சுழியச் சோதனையை இங்கேயும் செய்யுங்கள்: டிரான்ஸ்மிட்டரைக் கழற்றினால் ரெசிஸ்டரில் சுழியம், மாட்டினால் 1 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும்.